பஞ்சாபகேசன் கொடுத்த ரத்தம்

பாட்டில் சுட்டது. ரத்தம் எடுத்து ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. கண்ணாடி எப்போதோ ஆறியிருக்க வேண்டும். பஞ்சாபகேசன் விரல்களை இழுத்துக்கொண்டு பழியை வெயிலின் மேல் போட்டான். வெயிலோ பாட்டிலுக்கு எட்டாத தூரத்தில் தரையில் கிடந்தது.

கட்டிலில் மனைவி அம்மிணி. நாலு மாதக் கரு காலையில் கலைந்து, பம்பாய் மாட்டுங்காவில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த இந்தச் சின்ன நர்ஸிங் ஹோமுக்குள் கொண்டுவருவதற்குள் டாக்ஸி சீட் நனைந்துவிட்டது. உடனே ரத்தம் ஏற்றாவிட்டால் பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் சொன்னார். வார்டு ஆள் ஷேக் பரீதுக்கும் அதே குரூப். தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர்; யாரும் கேட்பதற்கு முன்பே சட்டைக்கையை மடித்துவிட்டார்.

"எனக்குத் தும்மல்கூடக் கிடையாது சார். எடுத்துக்கிடச் சொல்லுங்க."

பஞ்சாபகேசனுக்கு மனசு ஒப்பவில்லை. தாலி கட்டிய அன்றே அவள் தன் கோத்திரத்துக்கு வந்தாயிற்று, தனக்கும் அதே குரூப், பிறகு எதற்கு எவனுடைய ரத்தமோ? தானே கொடுப்பதாகச் சொன்னான். டாக்டர் அவனிடம் ஒன்றுதான் கேட்டார். ஹாங்காங் ஜுரம் பம்பாயில் ஆபீஸ் ஆபீஸாகப் புகுந்து ஆட்களைப் படுக்கவைத்த அறுபத்தெட்டாம் வருஷம் அது. ஜுரம் உண்டா? இல்லை என்று சொல்லிவிட்டான். முந்தின நாளிலிருந்தே உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. காலையில் விழுங்கிய இரண்டு மாத்திரையில் தெர்மாமீட்டர்கூட ஏமாந்துபோனது.

பினாயில் வாடைக்கு அடியில் இரும்பு வாடை ஒன்று மெதுவாக ஏற, தூரத்தில் லோக்கல் ரயில் கடந்துபோக, அந்தச் சத்தமும் அடங்கிய பிறகு, கண்ணாடிக் குழலுக்குள் சொட்டு விழுவது அவன் காதிலேயே விழுவதுபோல் கேட்டது. அம்மிணி இருமினாள். இரண்டு வறட்டு இருமல், கடைசியில் ஒரு விசில். அது அவனுடைய இருமல். காலையிலிருந்து கைக்குட்டைக்குள் அமுக்கிவைத்திருந்தது.

அவள் நெற்றியைத் தொட்டான். அனல். தன் நெற்றியைத் தொட்டான். ஜில்லென்றிருந்தது. தலை தெளிந்து, வலியெல்லாம் விட்டிருந்தது. அந்த சௌக்கியம்தான் அவனைக் கதிகலங்க வைத்தது.

"கேட்டேளா," என்றாள் அம்மிணி, கண்ணைத் திறக்காமல். "அவர் தரேன்னுதானே சொன்னார். நீங்கதான் வேண்டாம்னேள்."

பரீத் அதைச் சொன்னபோது அவள் நினைவே இல்லாமல் கிடந்தாள்.

பஞ்சாபகேசன் குழாயின் கிளிப்பை இறுக்கினான். சொட்டு நிற்கவில்லை. இன்னும் இறுக்கினான். வேகமாக விழுந்தது. நர்ஸைக் கூப்பிட்டான். யாரும் வரவில்லை. அம்மிணியின் உதடு வெந்து வெடித்துக்கொண்டிருந்தது. ஊசியைப் பிடுங்கி எறிந்தான்.

சத்தம் கேட்டு ஓடிவந்த பரீத் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பஞ்சாபகேசன் அழுதான். தான் பொய் சொன்னதை, ஜுரத்தை மறைத்ததை, எல்லாவற்றையும் கொட்டினான். உங்க ரத்தத்தைக் குடுங்கோ, அவளைக் காப்பாத்துங்கோ என்று கெஞ்சினான்.  பரீத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாயிலிருந்து கொட்டிய ரத்தம் சிமெண்டுத் தரையில் வாசல் பக்கம் சரிந்து ஓடியது. பாதி வழியில் நின்றது. திரும்பியது. நூலாக இழைந்து கட்டிலுக்கு அடியில் போனது.

கட்டில் காலில் ஏறியது.

விரிப்பில் ஒரு கறைகூட இல்லை. அம்மிணியின் கையில் ஊசி குத்திய இடத்தை அது தானே தேடி, சொட்டு சொட்டாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.