முகட்டைத் தொடாத நூல்

நூல் முகட்டைத் தொடவில்லை.

ராத்திரி படுக்கப் போகும்போது தொட்டுக்கொண்டுதான் இருந்தது. மேசையின் ஒரு மூலையில் இருந்த சின்ன மேட்டில் ஒரு குண்டூசி, எதிர் மூலையில் பள்ளத்தின் அடியில் இன்னொரு குண்டூசி, இரண்டுக்கும் நடுவே வெள்ளைத் தையல் நூல். நேராகப் போக முடியாமல், குறுக்கே கிடந்த மலைமுகட்டின்மேல் ஏறி வளைந்து இறங்கியது. அந்த வளைவைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் வீரராகவன் விளக்கை ஊதி அணைத்தான். காலையில் வேப்பங்குச்சியை மென்றுகொண்டே வந்து குனிந்தால், நூலுக்கும் முகட்டுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழைகிற இடைவெளி. அதன் வழியாக ஜன்னல் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

சரி, முகடு அமுங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நூல் தொய்ய வேண்டும். தொய்யவில்லை. மறுமுனையை யாரோ பிடித்து இழுப்பதுபோல விறைத்து நின்றது.

"மலைமேல கைய வச்சியாடி?" என்று கத்தினான்.

மனைவி குணசுந்தரி பெரியபாளையம் போவதற்காக மஞ்சள் சேலையில் புறப்பட்டு நின்றாள். ஆடி ஞாயிறு. தெருமுனையில் வண்டி மாட்டு மணி கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆமா, மேல ஏறி வத்தல் காயவச்சுட்டு எறங்கினேன். இன்னா பேசுறீங்க? கூழு இடிச்ச உரல்ல வெந்தய நாத்தம் இன்னும் போவல. மாவு சலிக்கிற சல்லடைல மரத்தூளு. உங்க மலையத் தொடணும்னு எனக்கு இன்னா வேண்டுதலா?"

"எலி?"

"சுண்ணாம்பத் தின்ற எலி இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான்." வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "மோரு உறில கீது. பாய் அண்ணன் வந்தா சோறு போடுங்க. நான் போய் அம்மன்கிட்ட உங்களுக்குப் புத்தி கேட்டுக்கினு வரேன்."

வண்டி போய்விட்டது. மணிச் சத்தம் தேய்ந்தது. பொன்னேரியில் ஆடிக் காற்று அன்றைக்கு மட்டும் எங்கேயோ போயிருந்தது.

பேரில்தான் வீரம். பட்டாளத்தில் மற்றவர்கள் துப்பாக்கியைப் பிடித்தபோது வீரராகவன் மண்ணைப் பிடித்தான். சண்டைக்கு முதல்நாள் அதிகாரிகள் சுற்றி நின்று பிரம்பால் சுட்டிக்காட்ட, மலையையும் ஓடையையும் தரையில் மண்ணால் செய்து வைப்பது அவன் வேலை. பர்மாவில் அவன் செய்த மலைகளை அடுக்கினால் இமயத்துக்கே வெட்கமாகிவிடும். அவன் ஏறிய மலை ஒன்றுகூட இல்லை. இப்போது ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா. பிறர் மூட்டையை எடை போடுகிற வேலைக்கு இந்தப் பேர் கொஞ்சம் அதிகம்தான்.

ஆனால் இந்த ஒரு மலையைப் பற்றி மட்டும் யாரும் அவனிடம் சிரிக்க முடியாது. இந்த மலையில்தான் பட்டாளத்துச் சிநேகிதன் பழவேற்காட்டு ஹனீப் செத்துப்போனான். அவனும் அவன் செக்‌ஷன் ஆட்களும் விடியற்காலையில் அந்தப் பள்ளத்தில் இறங்கினார்கள். நம் பீரங்கியே அவர்கள் தலைமேல் குண்டைக் கொட்டியது. பள்ளத்தில் நம் ஆள் எவனும் இல்லை, சுடலாம் என்று மேட்டில் நின்ற மேஜர் போனில் சொன்னதை, பீரங்கிப் பக்கம் நின்றிருந்த வீரராகவன் தன் காதால் கேட்டான். ஒரு வாரம் கழித்து அதே மேஜர் எழுதிக் கொடுத்தான்: அவர்கள் ஆயுதத்தைப் போட்டுவிட்டு எதிரியிடம் ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். என் ஆட்களை நானே கொன்றேன் என்று எழுதுவதைவிட அது சுலபம். பழவேற்காட்டில் ஹனீப்பின் தாய் பீவி ஜானுக்கு, மகன் செத்தான் என்ற சேதி வரவில்லை. ஓடிப்போனான் என்ற சேதி வந்தது. தெருவில் பையன்கள் அந்த வீட்டுக்கு வைத்த பேரை வீரராகவன் வாயால் சொல்லமாட்டான்.

மேஜர் நின்ற மேட்டிலிருந்து பார்த்தால் பள்ளம் தெரியாது. நடுவில் முகடு மறைக்கும்; நூல் தட்டுகிற இடத்தில் பார்வையும் தட்டும். அந்த முகட்டைச் சண்டைக்கு முதல்நாள் அவனே மண்ணில் செய்தவன். உயரம் அவன் விரலில் இருக்கிறது. தெரியாத இடத்தில் ஓடியவர்களை எந்தக் கண்ணால் பார்த்தான் அந்த ராஸ்கல்? பட்டணத்துச் சோல்ஜர் போர்டுக்கு எழுதி எழுதி, கடைசியில் ஒரு ரிட்டயர்டு கர்னல் சம்மதித்திருந்தார். நாளைக்கு வருகிறார். மேசைமேல் அந்தச் சண்டையை மறுபடி ஆடிப் பார்த்துவிட்டு, மேஜர் சொன்னது பொய் என்று தெரிந்தால் ஹனீப்பின் பேரைத் திருத்த எழுதுவார்.

ஆகவே மலை அமுங்கக் கூடாது. ஒரு நூலளவுகூட.

அமுங்கியது. முதலில் ஆரணி ஆற்றுக் களிமண்ணில் கட்டினான். காய்ந்து வெடித்து இறங்கியது. களிமண் அப்படித்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டான். பழைய பேப்பரை ஊறவைத்து வெந்தயம் சேர்த்து இடித்த கூழில் கட்டினான், இறங்கியது. மரத்தூளை வச்சிரப் பசையில் குழைத்துக் கட்டினான். வீடே செத்த மாடு போல நாறியதுதான் மிச்சம், அதுவும் இறங்கியது. சவுக்குக் காய்களை மரமாக நட்டதும், தேங்காய்நாருக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புல் ஆக்கியதும், உடைந்த கண்ணாடியில் சலவை நீலம் தடவி ஓடை விட்டதும் எல்லாம் அப்படியே இருந்தன. முகடு மட்டும் இறங்கியது. கடைசியில் பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம். கோட்டை கட்டுகிற சாந்து. உளி வைத்தால் உளி தெறிக்கும்.

இன்றைக்கு அதுவும் இறங்கிவிட்டது. விரிசல் இல்லை. தூள் உதிரவில்லை. பிறந்ததிலிருந்தே அந்த உயரம்தான் என்பதுபோலப் படுத்திருந்தது.

உள்ளங்கையை முகட்டின்மேல் வைத்தான். ஓட்டுக்கூரை பொரிகிற வெயிலில் சுண்ணாம்பு ஜில்லென்று இருந்தது. கையை எடுத்தபோது ஈரம். முகர்ந்து பார்த்தான். மழையில் நனைந்த கம்பளி வாசம்.

"உன் ஆத்தா..." என்று மலையைப் பார்த்து ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். சுண்ணாம்புக் கட்டியோடு சண்டைக்கு நின்ற முதல் குமாஸ்தா என்று பேர் எடுக்க வேண்டாம்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது ஷேக் தாவூத் வந்தார். ஹனீப்பின் அண்ணன். தோளில் சிமென்டுச் சாக்கு, நெற்றியிலிருந்து தாடிவரை வேர்வை.

"செங்குன்றத்து மண்ணு. நீ கேட்ட செவப்பு. பஸ்ல கண்டக்டரு சாக்குக்கும் டிக்கெட்டு எடுன்றான். அது ஒரு மலை நைனா, உட்கார எடம் கேக்காதுன்னேன்." சாக்கை இறக்கிவிட்டு மேசையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "இதுவா?"

"இதான் பாய்."

"எங்க?"

வீரராகவன் பள்ளத்தைக் காட்டினான். அங்கே புளியங்கொட்டைகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்தான். அவைதான் செக்‌ஷன்.

இரண்டு பேரும் சலித்த செம்மண்ணைச் சுண்ணாம்பின்மேல் தூவினார்கள். முகட்டின்மேல் மட்டும் வீரராகவன் ஈரமண்ணை அள்ளி அப்பினான். ஒரு விரல்கடை உயர்ந்தது.

"அங்க ஏன் ஏத்துற?" என்றார் தாவூத்.

"எறங்கிடுச்சு."

"மலை எறங்கினா நீ ஏத்துறதா? கர்னல் கேட்டா பொய்யாவாதா ராகவா?"

"மலை பொய் சொல்லுது பாய்!" கத்திவிட்டான். "நான் பொய் சொல்லல. இதான் ஒசரம். ஒரு மாசமா இது என்னோட வம்பு பண்ணுது. எனக்குத் தெரியாதா இந்த மலைய?"

தாவூத் சாக்கிலிருந்து ஒரு பிடி மண் எடுத்தார். பள்ளத்துக்கு மேலே கையை நீட்டி மெல்ல விட்டார். இன்னொரு பிடி. மூன்றாவது. உதடுகள் அசைந்தன. மண் புளியங்கொட்டைகளை மூடியது.

அது மலைக்குப் போட்ட மண் இல்லை என்று வீரராகவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரில் எந்த மையத்தை அடக்கினாலும் கபர்க்குழியில் மூன்று பிடி மண் போடுகிறவர் அவர்.

"பாய், மேசைல போய்..."

"வேற எங்க போடறது? மையத்து இல்ல, கபரு இல்ல. ஓடிப்போனவனுக்குத் தொழுவ வைக்க முடியாதுன்னு ஜமாத்துல சொல்ட்டாங்கோ. இத்தினி வருசமா இந்தக் கை சும்மாவே கீது ராகவா."

வீரராகவன் சுவர்ப்பக்கம் திரும்பி அங்கே இல்லாத ஒரு பல்லியை விரட்டினான். மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"லுஹர் தொழுவைக்கு நேரமாச்சு. கிணத்தாண்ட போயி கைகால் கழுவி ஒளு செஞ்சுட்டு வரேன். நூல் போட்டுப் பாத்து வை." தாவூத் பின்கட்டுக்குப் போனார். ராட்டினம் கிறீச்சிட்டது. வாளி தண்ணீரில் விழுந்தது.

மேசைமேல் ஏதோ நகர்கிற சன்னமான சத்தம். அரிசியைச் சொளகில் சாய்த்தால் வருமே, அதைவிட மெதுவாக.

பள்ளத்தில் தாவூத் போட்ட மண் இறங்கிக்கொண்டிருந்தது. குதிரின் அடிவாயைத் திறந்தால் நெல் நடுவில் குழிந்து இறங்குவதுபோல. புளியங்கொட்டைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து, அந்தக் குழியில் போயின.

குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான். இரண்டு விரல் கனத்துத் தேக்குப் பலகை. கீழே தரையில் ஒரு துளி மண் இல்லை.

கோபம்தான் முதலில் வந்தது. பயம் அதன் முதுகுக்குப் பின்னால் நின்றது. ஆள்காட்டி விரலைக் குழியில் விட்டான். பலகை தட்டும் என்று காத்திருந்தான். முதல் கணு. இரண்டாவது. விரல் முழுக்கப் போயிற்று. பலகை இல்லை. ஈரம். இன்னும் கீழே, சூடான காற்று. விட்டுவிட்டு வருகிற காற்று.

விரலைப் பிடுங்கிக்கொண்டான்.

முகட்டில் அப்பிய மண் இல்லை. அப்பிய மண் மட்டுமில்லை. முகடே இல்லை. அந்த இடம் தாம்பாளம் போலத் தட்டையாகக் கிடந்தது.

காகம் கத்தவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டுக்கல் நின்றிருந்தது. கிணற்றடியில் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் மட்டும்.

பார்க்காமல் இருந்திருக்கலாம். ஆனால் நாளைக்குக் கர்னல் பார்ப்பார். அந்த மேட்டில் கன்னத்தைச் சாய்த்து, மேஜர் நின்ற உயரத்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பார். வீரராகவன் இடுப்பை வளைத்தான். கன்னத்தை மேட்டில் பதித்தான். ஒரு கண்ணை மூடினான்.

பள்ளம் தெரிந்தது.

அடிவரை தெரிந்தது. விடிகாலைப் பனி. சவுக்குக் காய்கள் இல்லை, மரங்கள். பனிக்குள் ஆட்கள். புளியங்கொட்டை அளவா, ஆள் அளவா என்று சொல்லத் தெரியவில்லை. தூரத்தில் நிற்கிற மனிதர்கள் எந்த அளவோ அந்த அளவு.

ஓடிக்கொண்டிருந்தார்கள்.

எதிரியை நோக்கி இல்லை. இங்கே. இந்த மேட்டை நோக்கி. கைகளைத் தூக்கி, தலைப்பாகைத் துணியை அவிழ்த்து வீசி, வாய் திறந்து. சத்தம் மட்டும் வரவில்லை. முன்னால் வருகிறவனின் நடையை அவனுக்குத் தெரியும். கடற்கரை மணலில் வளர்ந்தவன் நடை. குதிகால் பதியாத நடை.

பார்த்திருக்கிறான். அந்தப் பாவி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். முகம் முகமாகப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுத்திருக்கிறான். வீரராகவனின் பல் நறநறத்தது. பலகையில் எச்சில் வழிந்தது.

"ராகவா!" கிணற்றடியிலிருந்து தாவூத். "பாத்தியா? அங்கேருந்து பள்ளம் தெரியுதா?"

தெரிகிறது என்றால் மேஜர் கண்ணால் பார்த்ததாக எழுதியது நிற்கும். நின்றுவிட்டால் ஹனீப் ஓடிப்போனவன். எப்போதைக்கும். இத்தனை வருடம் சும்மா இருந்த கை இன்னும் கிணற்றடியில் ஈரமாக இருந்தது.

"ராகவா? இன்னாடா? தெரியுதா, இல்லியா?"

"தெரியல பாய்." உரக்கச் சொன்னான், அவர் மனம் ஆறட்டும் என்று. "பள்ளத்துல யாரும் தெரியல."

பள்ளம்வரை கேட்டுவிட்டது.

ஓடிவந்தவர்கள் நின்றார்கள்.

தூக்கிய கைகள் இறங்கின. துணி தரையில் விழுந்தது. முன்னால் நின்றவன் நேராக இவன் கண்ணைப் பார்த்தான். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான்.

கன்னத்தை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. கண்ணை மூடப் பார்த்தான். அதுவும்.

கிணற்றடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"ராகவா," என்றார் தாவூத், மெதுவாக. "வானத்துல இன்னா அது சத்தம்?"

ஓட்டுக்கு மேலே, வெகு உயரத்தில், மெல்லிய சீழ்க்கை ஒன்று ஆரம்பித்திருந்தது. இறங்கி வந்துகொண்டிருந்தது.

பள்ளத்தில் அவர்கள், ஒருவர் பின் ஒருவராக, முகத்தை மேலே தூக்கினார்கள்.