கைப்பிடியில் தொங்கிய துண்டு

வடமதுரைச் சாலையில் இருந்த அந்த நூற்பாலைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பகல் இரண்டு மணிக்கு பாஸ்கல் வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது காவலாளி சாகுல் ஹமீது மட்டும்தான் இருந்தார். அறுபத்து நான்காம் வருடத்துச் சித்திரை வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது.

"தனியாவா வந்தீங்க சார்?"

"கூட வர யாரு இருக்கா பாய்?"

அது சும்மா சொன்னதல்ல. மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் தலைமை இன்ஜினியர் பாஸ்கல். ஆள் கை வைக்காமலே இயந்திரம் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும்படி செய்வது வேலை. 'எந்திரத்துக்கு மூள வச்சவரு' என்று தொழிலாளிகள் கேலி பேசுவார்கள். அவருக்குக் கீழே பத்துப் பேர் உண்டு. மூன்று மாதமாக அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. மில் தொழிலாளி நாச்சிமுத்து செத்ததிலிருந்து இப்படித்தான்.

பஞ்சு பிரிக்கும் இயந்திரம் ஓர் அறை அளவுக்குப் பெரிய பெட்டி. உள்ளே முள் பதித்த பட்டை ஓடும். பஞ்சு சிக்கினால் ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டும். இறங்குகிறவர் சுவரில் இருக்கும் சுவிட்சுக் கைப்பிடியைக் கீழே இழுத்து, தன் துண்டை அதில் தொங்கவிடுவார். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். எப்பேர்ப்பட்ட மேஸ்திரியும் அதைத் தொடமாட்டார்.

பாஸ்கல் பொருத்திய புதுப் பேனலுக்குக் கைப்பிடி தேவையில்லை. பெட்டியில் பஞ்சு குறைந்தால் மேலும் பஞ்சை இழுக்க இயந்திரம் தானே ஓடத் தொடங்கும். பழைய கைப்பிடிக்குப் போன ஒயர்களை அவர் அறுத்துவிட்டார். கைப்பிடியைக் கழற்ற வேண்டுமென்றால் சுவரை இடிக்க வேண்டும், அரை நாள் போய்விடும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை மட்டும் விட்டுவைத்தார். அது இப்போது வெறும் இரும்பு என்று யாரிடமும் சொல்லவில்லை.

நாச்சிமுத்து வழக்கம்போலத் துண்டைத் தொங்கவிட்டு இறங்கினார். சிக்கியதை அள்ள அள்ள உள்ளே பஞ்சு குறைந்தது. குறைந்ததும் இயந்திரம் ஓடியது.

'தொழிலாளியின் அஜாக்கிரதை' என்று பாஸ்கல் அறிக்கை எழுதியிருந்தார். திங்கட்கிழமை காலை தொழிற்சாலை ஆய்வாளர் முன்னால், நாச்சிமுத்துவின் மனைவி ஜக்கம்மாள் பார்த்திருக்க, அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பழி செத்தவர் தலையில். போடாவிட்டால் பாஸ்கலின் வேலை போய்விடும். இயந்திரத்தையும் ஓட்டிக் காட்ட வேண்டும். அதைச் சரிபார்க்கத்தான் வந்திருந்தார்.

"செத்த நேரம் கூட வாரீங்களா பாய்?"

"நான் கேட்டுலயே இருக்கேன் சார்" என்றார் சாகுல் ஹமீது, அவர் முகத்தைப் பார்க்காமல்.

உள்ளே பகலிலும் இருட்டு. எண்ணெய் நாற்றமும் சூடேறிய பஞ்சின் புழுங்கல் வாடையும் மூக்கை அடைத்தன. நானூறு பேர் இரைச்சல் போட்டு வேலை செய்கிற கூடத்தில் அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் நடந்தது. மெயின் சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டி நிறையப் பஞ்சு இருந்ததால் இயந்திரம் ஓடாமல் காத்திருந்தது.

பொத்.

பெட்டியின் வாயிலிருந்து ஒரு பிடிப் பஞ்சு தரையில் விழுந்தது.

எலியாக இருக்கும் என்று நினைத்தார்.

பொத்.

இரண்டாவது பிடி. முதல் பிடி விழுந்த அதே இடத்தில்.

பஞ்சு குறைந்தால் ஓடிவிடும்! பாஸ்கல் பாய்ந்து போய் மெயினை அணைத்தார். பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சிவப்பு விளக்கு அணைந்தது.

பொத்.

"யாரு உள்ள?"

"நாந்தான் சார், நாச்சிமுத்து." பஞ்சுக்குள் அமுங்கி வந்த குரலில் வலி இல்லை, கோபம் இல்லை. "இன்னுங் கொஞ்சந்தான் இருக்கு. துண்டு தொங்குதுல்ல?"

பாஸ்கல் திரும்பிப் பார்த்தார். போலீஸ்காரர்கள் எடுத்துப்போன துண்டு, சிவப்புக் கரையோடு, கைப்பிடியில் தொங்கியது. அதிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

தொங்குது என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாம். கேட்பதற்கு வேறு யாரும் இல்லை. அந்த ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இந்த மனிதர் இதே பொய்யை நம்பித்தானே இறங்கினார்?

"அந்தக் கைப்பிடியில கரண்டு இல்ல நாச்சிமுத்து" என்றார். "ஒயர நாந்தான் அறுத்தேன். உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

பஞ்சு விழுவது நின்றது.



"அப்ப நான் உள்ள இருக்கிறது யாருக்குந் தெரியாதா சார்?"

பாஸ்கல் தரையில் உட்கார்ந்து அழுதார். "எனக்குத் தெரியும்யா" என்றார். "எனக்குத் தெரியும்."

மறுநாள் அறிக்கையை ஆய்வாளர் முன்னாலேயே கிழித்தார். கைப்பிடியைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னார். ஜக்கம்மாள் திட்டவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த வாரமே கம்பெனி பாஸ்கலை வீட்டுக்கு அனுப்பியது. மில்லில் பேனலையும் கைப்பிடியையும் பெயர்த்தெடுத்தார்கள்.

அவர் மெட்ராசுக்குப் போகவில்லை. திண்டுக்கல்லில் ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஞாயிறு தவறாமல் இரண்டு மணிக்கு மில்லுக்கு வருவார்; சாகுல் ஹமீது கதவைத் திறந்துவிடுவார். பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, "இருக்கேன் நாச்சிமுத்து" என்பார். பதில் வராது. பஞ்சும் விழாது. சாயங்காலம் எழுந்து போய்விடுவார். அந்த மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார், தான்தான் பைத்தியக்காரனைப்போல வந்துகொண்டிருக்கிறோம் என்றுகூட நாளாவட்டத்தில் தோன்றியது.

ஐப்பசியில் ஒருமுறை காய்ச்சல் வந்து அந்த ஞாயிறு போக முடியவில்லை. அடுத்த வாரம் போனபோது சாகுல் ஹமீது சாலைக்கே வந்து நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"போன வாரம் ஏன் சார் வரல?" என்றார் மெதுவாக. "ரெண்டு மணியிலருந்து பொழுது சாயுற வரைக்கும், 'சார் இருக்கீங்களா, சார் இருக்கீங்களா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."