இரண்டாம் படகோட்டி

இரண்டாவது கன்ட்ரோலர் சூடாக இருந்தது.

விமலன் அதை எடுத்தது தூசி துடைக்கத்தான். தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த இழுப்பறையில், சுருட்டிவைத்த வயர்களுக்கும் பழைய பில்களுக்கும் நடுவே, மூன்று மாதமாக யாரும் தொடாமல் கிடந்த பொருள் அது. அதன் இரண்டு கைப்பிடிகளிலும் உள்ளங்கைச் சூடு இருந்தது. யாரோ ஒரு மணி நேரம் இறுக்கிப் பிடித்து ஆடிவிட்டு இப்போதுதான் கீழே வைத்தது மாதிரி. கொஞ்சம் ஈரமும் இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தான். கோலாலம்பூரில் வெயிலைப் பார்த்து நான்கு நாளாகியிருந்தது.

கடல் தாண்டி எங்கோ காடு எரிந்து, அந்தப் புகை வந்து ஊரையே மூடியிருந்தது. அவன் வேலை பார்க்கும் கிள்ளான் சரக்கு அலுவலகத்தில், எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில், எல்லா ஜன்னலையும் சாத்தி, வாசற்கதவின் அடியில் ஈரத்துண்டைச் செருகி, விமலன் நான்கு நாளாக அடைந்து கிடந்தான். கீழே சேலைக் கடைகளின் பாட்டும், மோனோரயில் வளைவில் திரும்பும் முனகலும், பார்வையற்றவர்கள் சாலையைக் கடப்பதற்காகச் சிக்னல் கம்பம் எழுப்பும் டிக் டிக் சத்தமும் கேட்கும். எல்லாம் பஞ்சு அடைத்த காதில் விழுவதுபோல மெதுவாகக் கேட்கும். மத்தியானம் இரண்டு மணிக்கே அறைக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு வெளிச்சம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது வெளிச்சம்தானா என்று அவனுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

தனியாக இருப்பது அவனுக்குப் புதிதல்ல. முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, அம்மா ஜோகூரில் அண்ணன் வீட்டில். ஆடி முடிக்கும் வீடியோ கேம்களைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுதி இணையத்தில் போடுவதுதான் அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம். மொத்தம் பதினோரு பேர் படித்தார்கள். அதில் இரண்டு பேர் அவனேதான். இந்த மாதக் குறிப்புகள் பாதியில் நின்றிருந்தன.

‘விவசாய விளையாட்டு: நாற்பது மணி நேரம் தக்காளி பயிரிட்டேன். நன்றாக விளைந்தது. வீட்டில் இருந்த ஒரே தொட்டிச் செடி செத்துவிட்டது.’

‘கார் பந்தயம், ரீமேக்: மழையை அழகாகப் பெய்ய வைத்திருக்கிறார்கள். ஓட்டுவதற்குத்தான் ஒன்றுமில்லை. பழையதை நேசித்தவர்கள் செய்த ரீமேக் வேறு, பழையதைப் புகைப்படத்தில் பார்த்துச் செய்த ரீமேக் வேறு. இது இரண்டாவது ரகம்.’

‘படகு, ரீமேக்:’

அதற்குமேல் எழுதவில்லை. படகு விளையாட்டு அவனுக்கும் குருவுக்கும் சொந்தமானது.

குரு அவனோடு கிள்ளானில் இடைநிலைப் பள்ளியில், படிவம் ஒன்றிலிருந்து படித்தவன். பள்ளி முடிந்ததும் இருவரும் சைபர் கஃபேயில் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து ஆடிய விளையாட்டு அது. வெள்ளத்தில் மூழ்கிய ஊர், ஒரு படகு, இரண்டு படகோட்டிகள். தனியாக ஆடினால் இரண்டாமவனைக் கணினி ஓட்டும். அது சரியான மக்கு, சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் எப்போதும் இரண்டாவது படகோட்டி குருதான். இருபது வருடம் கழித்தும் சனிக்கிழமைதோறும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலேறி, ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே கடலையோடு வந்து, சோபாவின் இடது மூலையில் உட்கார்ந்து ஆடிவிட்டுப் போவான். மூன்று மாதத்துக்கு முன்னால் டிங்கிக் காய்ச்சலில் ஒரே வாரத்தில் போய்விட்டான்.

விமலன் கன்ட்ரோலரைத் துடைத்தான். இழுப்பறையில் திரும்ப வைக்க மனம் வரவில்லை. சோபாவின் இடது மூலையில் வைத்தான். தன்னுடையதை எடுத்துக்கொண்டு, தனியாக ஆடுவதாகத் தேர்வுசெய்து, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினான்.

ரீமேக் அழகாக இருந்தது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. முக்கியமாக, இரண்டாம் படகோட்டி இப்போது மக்கு இல்லை. விமலன் துடுப்பை இடப்பக்கம் போட்டால் அவன் வலப்பக்கம் போட்டான். கரையில் இறங்கி நடந்தபோது ஒரு வீட்டு வாசலில் நின்றான். உள்ளே போகும் முன் இரண்டு தடவை குதித்தான்.

விமலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குரு அப்படித்தான். எந்த விளையாட்டிலும், எந்த வாசலிலும், இரண்டு தடவை குதிக்காமல் நுழையமாட்டான். ராசி என்பான்.

அடுத்த வாசலிலும் குதித்தான். அதற்கடுத்த வாசலிலும். விமலன் வரைபடத்தைப் பார்க்க நின்றபோது, பின்னால் நின்றவன் நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றினான். காத்திருக்கப் பொறுமையில்லாத குரு சுற்றுகிற அதே சுற்று.

‘கணினித் தோழனை மிக நன்றாகச் செய்திருக்கிறார்கள்’ என்று குறிப்பில் எழுதினான். மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கைப்பேசியில் தேடினான். எல்லோரும் திட்டியிருந்தார்கள். இரண்டாம் படகோட்டி பழையதைவிட மோசம், சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறான், இதற்கு ஒரு ரீமேக் தேவையா என்று பக்கம் பக்கமாகத் திட்டு. அவன் வாசலில் குதிக்கிறான் என்று ஒருவர்கூட எழுதவில்லை.

விமலன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அமைப்புப் பக்கத்துக்குப் போனான். முதல் ஆட்டக்காரர்: விமலன். இரண்டாம் ஆட்டக்காரர்: இணைந்துள்ளார்.

இடப்பக்கம் திரும்பினான். மூலையில் வைத்த கன்ட்ரோலரில் சின்ன வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டி எடுத்து, கவிழ்த்து, பின்மூடியைத் திறந்தான். உள்ளே பேட்டரி இல்லை. கசிந்து கெட்டுப்போகும் என்று ஆடி முடித்ததும் கழற்றி வைப்பது குருவின் வழக்கம். இரண்டு பள்ளமும் காலியாகக் கிடந்தன. விளக்கு எரிந்தது. பிளாஸ்டிக் முன்னைவிடச் சூடாக இருந்தது.

கன்ட்ரோலரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கிள்ளானுக்கு, குருவின் அக்கா தாமரைக்குப் போன் போட்டான்.

“விமலனா? சாப்டியாடா? அங்கயும் புகையா?”

“புகைதான்க்கா. அக்கா... வீட்ல எல்லாம் ஓகேவா?”

“ஓகேதான் லா. என்ன இருக்கு இங்க.” தாமரை குரலைத் தாழ்த்தினாள். “நீ அன்னைக்குச் சொல்லிட்டுப் போனதத்தான் அம்மா இன்னும் சொல்லிட்டிருக்காங்க. ஒரு நாளு வந்து, குளிச்சிட்டு, விளக்க விழுந்து கும்பிட்டுட்டுப் போடா.”

எதைச் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். சாவு வீட்டிலிருந்து புறப்படுகிறவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அவனோ கிளம்பும்போது, நடுக்கூடத்தில் கிடத்தியிருந்த குருவின் தலைமாட்டில் குனிந்து, இருபது வருடப் பழக்கத்தில், “போயிட்டு வரேன்டா, சனிக்கிழமை பாப்போம்” என்று சொல்லிவிட்டான். அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள். குருவின் மாமா அய்யாவு அவன் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

இன்று சனிக்கிழமை.

“அக்கா, ஒன்னு கேக்கவா. அவன் எம்மேல கோவமா இருந்தானா?”

“பொய் சொல்ல மாட்டேன்டா,” என்றாள் தாமரை. “சனிக்கிழமை வரேன்னு நீ போன்ல சொன்னியே. ஆஸ்பத்திரில அன்னைக்குப் பூரா வாசலையே பாத்துட்டு இருந்தான். ராத்திரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன்தான். விடியிறப்ப போயிட்டான்.”

அவள் போனை வைத்த பிறகும் விமலன் தன் போனைக் காதிலேயே வைத்திருந்தான். அந்தச் சனிக்கிழமை புதிய விளையாட்டு ஒன்று வெளியாகியிருந்தது. முதல் ஆளாகக் குறிப்பு எழுதிவிட வேண்டுமென்று காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்து ஆடினான். ஞாயிற்றுக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று நினைத்தான். பதினோரு பேருக்காக. அதை இதுவரை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மூன்று மாதமாக நெஞ்சில் மீன்முள்போல் நின்றது அது.

எழுந்து வெளியே போயிருக்கலாம். லிஃப்டில் இறங்கினால் மூன்று நிமிடத்தில் கடைத்தெரு, ஆட்கள், டீ. அவனுக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் குரு வந்திருக்கிறான் என்றால், குருவிடம் கேட்கவேண்டியது ஒன்று இருந்தது. பயத்தைவிட அந்த ஆசை பெரிதாக இருந்தது. அவன் திரும்பவும் சோபாவில் உட்கார்ந்தான்.

பழுப்பு வெளிச்சம் கறுக்கத் தொடங்கியிருந்தது. மணி ஆறரை. அறையில் புகை வாசனையோடு இன்னொரு வாசனை. எண்ணெயில் பொரித்த கடலை, கறிவேப்பிலை, மிளகாய்த்தூள். கச்சாங் பூத்தே.

திரையில் இரண்டாம் படகோட்டி அவனைப் பார்த்தபடி நின்றான்.

“குருவா?”

படகோட்டி இரண்டு தடவை குனிந்து நிமிர்ந்தான். சத்தம் போட்டால் சைபர் கஃபே முதலாளி திட்டுவார் என்று இருவரும் வைத்துக்கொண்ட சைகை அது. இரண்டு குனிந்தால் ஆமாம். ஒன்று குனிந்தால் இல்லை.

விமலனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாளில் அவன் பேசிய பேச்சுக்கு ஒரு பதில்.

“ஆஸ்பத்திரில என்னைத் தேடுனியா?”

இரண்டு.

“தெரியும்டா. நான் வந்திருக்கணும். கேம் ஆடிட்டு இருந்தேன். வேற ஒன்னும் இல்ல, கேம்தான்.” “என்னை மன்னிச்சிட்டியா?”

கேட்டு முடிப்பதற்குள் இரண்டு.

விமலன் திரையையே பார்த்தான். நெஞ்சில் இறங்கவேண்டிய பாரம் இறங்கவில்லை. ஏதோ ஒன்று சரியில்லை. ஒரு முறை விமலன் இரவல் வாங்கிய குறுந்தட்டில் கீறல் விழுந்ததற்குக் குரு இரண்டு வாரம் பேசவில்லை. அதன்பிறகும் மூன்று நாள் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்த பிறகுதான் சிரித்தான். அதுவும் ஒரு பக்கமாக. கேட்டவுடனே மன்னிக்கிற ஆள் இல்லை குரு. குரு முதலில் திட்டுவான். அம்மாவை இழுத்துத் திட்டுவான்.

இன்னொன்றும் இப்போதுதான் உறைத்தது. இன்று முழுக்க, மூன்றாவது பாலத்தைத் தாண்டியபோதும், இந்தப் படகோட்டி ஒரு தடவைகூடத் தண்ணீரில் விழவில்லை. குரு அந்தப் பாலத்தில் விழாமல் போனதே கிடையாது. இருபது வருடத்தில் ஒரு நாள்கூட.

குதிப்பது இருந்தது. சுற்றுவது இருந்தது. சைகை இருந்தது. பார்த்துக் காப்பியடிக்கக்கூடியவை எல்லாம் இருந்தன.

குரு மட்டும் இல்லை.

சோபாவின் இடது மூலை மெதுவாக அமுங்கியது. ஸ்பிரிங் முனகியது. அவனுடைய மெத்தையும் அந்தப் பக்கம் சாய்ந்தது. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை அவன். எடுக்க முடியவில்லை. இடது கையில் ரோமம் சிலிர்த்தது. பக்கத்தில் ஒரு முழங்கையின் சூடு.

டக். டக். பொத்தான் அழுந்தும் சத்தம்.

திரையில் படகோட்டி இரண்டு தடவை குனிந்தான். மறுபடி இரண்டு. மறுபடி. மன்னித்துவிட்டேன். மன்னித்துவிட்டேன். மன்னித்துவிட்டேன்.

“நீ குருவா இருந்தா,” என்றான் விமலன். குரல் அவனுக்கே கேட்கவில்லை. “வாயைத் திறந்து சொல்லு.”

குனிவது நின்றது.

படகு அடுத்த ஊருக்குப் போகும் இடம் அது. அந்த ஊரின் படம் வரும்வரை திரை கறுத்தது. கறுத்த கண்ணாடியில் அறை தெரிந்தது. ஜன்னல். விளக்கு. சோபா. வலது மூலையில் அவன்.

இடது மூலையில் குருவின் முடி. குருவின் கண்ணாடி. குருவின் காது, மூக்கு. மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லை. தட்டிவைத்த சப்பாத்தி மாவுபோல் வெறும் தோல்.

அது திரையைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது. அவன் வாயைப் பார்த்தது. நிதானமாக. ஓரத்திலிருந்து ஓரம் வரை.

கத்தினான். கத்த நினைத்தான். எதுவும் வெளியே வரவில்லை.

“மன்னிச்சிட்டேன்டா.”

சத்தம் இடப்பக்கத்திலிருந்து வந்தது. காதுக்கு மிக அருகில். குரல் குருவுடையதல்ல. விமலனுடையது.

அவன் கையை உயர்த்தி, மூக்குக்குக் கீழே தடவிப் பார்த்தான். விரலுக்கு வழவழவென்று தோல் மட்டும் தட்டுப்பட்டது. தாடை வரை.