இரண்டு மணிக்கு ஏறாத கோடு

"அப்பா மேல தப்பில்ல சார். நான்தான்," என்றாள் அந்தப் பெண். பதினாறு வயது. வீட்டில் இதைச் சொல்ல வேறு ஆள் இல்லாமல்தான் துப்பறிவாளரின் கதவைத் தட்டியிருந்தாள்.

அப்பா ஓர் ஆய்வுக்கூடத்தின் இரவுக் காவலாளி. சில அணுக்களின் தடிமனே உள்ள குறைகடத்திப் படலத்தால் அங்கே ஒளி உணரி செய்கிறார்கள். இருட்டறையில், மூடிய பெட்டிக்குள் அதை வைத்து, இரவு முழுக்க மின்னோட்டத்தைப் பதிவு செய்திருந்தார்கள். வெளிச்சம் படாவிட்டால் அநேகமாக ஒன்றும் ஓடக்கூடாது. ஓடியிருந்தது. யாரோ டார்ச் அடித்துக் கெடுத்துவிட்டதாக, சோதனையை நடத்திய ஆய்வாளர் புகார் கொடுத்தார். சாவி அப்பாவிடம். நாளை அவர் வேலை போய்விடும்.

"வீட்ல தனியா தூக்கம் வரல சார். ரெண்டு மணிக்கு அப்பாவைத் தேடிப் போனேன். இருட்டறைக் கதவுல சாவி தொங்குச்சு. உள்ள இருக்காரோன்னு திறந்துட்டேன். கையில போன் டார்ச். அப்பா பார்த்துட்டார்; புகார் வந்ததும் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டார்."

"கேஸ் முடிஞ்சுது!" என்றான் உதவியாளன். அவனுக்கு 'அவசரம்' என்றே பெயர்.

"வாயை மூடுடா," என்றார் துப்பறிவாளர்.

மறுநாள் காலை ஆய்வுக்கூட மேசையைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள்.

"பெட்டியை எப்ப மூடினீங்க?"

"பத்து மணிக்கு," என்றார் ஆய்வாளர். "மூடின கையோட பதிவை ஆன் பண்ணிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்."

துப்பறிவாளர் மின்னோட்ட வரைபடத்தை விரித்தார். "டார்ச் பட்டா கோடு சட்டுனு ஏறும். ரெண்டு மணிக்கு ஏறியிருக்கா?"

இல்லை. பத்து மணிக்கு உச்சத்தில் தொடங்கிய கோடு விடியும்வரை மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது.

"இந்தப் பொண்ணோட வெளிச்சம் பெட்டிக்குள்ள எட்டிக்கூடப் பார்க்கல. முதல் நிமிஷமே உச்சம்னா, வெளிச்சம் அதுக்கு முன்னாடியே பட்டிருக்கு. உள்ள வெக்கும்போது ரூம்ல விளக்கு எரிஞ்சுதா?"

"எரியாம எப்படி..." ஆய்வாளரின் முகம் வெளுத்தது. "இந்தப் படலம் பட்ட வெளிச்சத்தை லேசுல மறக்காது. விளக்கை அணைச்சாலும் மின்னோட்டம் மெல்லத்தான் இறங்கும். ஒரு நாள் இருட்டுல போட்டுட்டுத்தான் அளக்கணும். அவசரத்துல..."

"என்னை ஏன் சார் இழுக்கறீங்க?" என்றான் அவசரம்.

"மன்னிச்சுடுங்கண்ணே," என்றார் ஆய்வாளர். அப்பா அவரைப் பார்க்கவில்லை. மகள் பக்கம் திரும்பினார்.

"தூக்கம் வரலைன்னு ஏம்மா சொல்லல?"

"சொன்னா வேலைக்குப் போகாம இருப்பீங்களாப்பா?"



அன்றிரவு அவள் போன் அடித்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து அப்பா. என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. இணைப்பைத் துண்டிக்காமல் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார். அவள் தலையணை ஓரம் வைத்த போனில் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொரு பூட்டாக இழுத்துப் பார்க்கும் சத்தம். அவள் எண்ணத் தொடங்கினாள்.

ஏழாவது பூட்டுக்கு மேல் அவளுக்கு நினைவில்லை.