மழை நாட்களில் அழுத குழாய்

"நான் பைத்தியமோ இல்லையோ எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும்," என்றாள் வந்தவள், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

பதுளை கடைவீதியில் ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் இருந்தது தயாபரனின் அலுவலகம். காப்புறுதிக் கம்பனிகளுக்காகத் தீ விபத்துகளையும் திருட்டுகளையும் விசாரித்துப் பழுத்த மனிதர். அவசரப்படுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தானோ என்னவோ நப்ரீஸ் வாய்த்திருந்தான். முச்சக்கர வண்டி ஓட்ட வந்தவன், கொஞ்ச நாளிலேயே தன்னைத் தானே உதவித் துப்பறிவாளனாக நியமித்துக்கொண்டான். இப்போதும் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"டொக்டர் சொல்ல வேண்டியதை எங்கிட்ட கேக்குறீங்களேம்மா," என்றார் தயாபரன்.

"திங்கக்கிழமை என்னைக் கொழும்பில மனநல டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போறார் என்ர மனுசன். அதுக்கு முதல் எனக்குத் தெரிய வேணும். நான் கேக்கிற சத்தம் வெளியில இருக்குதோ, என்ர தலைக்குள்ள இருக்குதோ? தலைக்குள்ளதான் எண்டால் நான் இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டன். முப்பது பிள்ளையளுக்கு முன்னால நிண்டு கணக்குச் சொல்லிக் குடுக்க எனக்கு உரிமையில்லை."

பெயர் சிவரூபி. கணவன் சிந்துஜன், பொறியியலாளன். இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள், வேலைக்காகப் பதுளைக்கு வந்து தங்கிவிட்டவர்கள். ஸ்பிரிங்வெளிப் பாதையில் ஒரு பழைய தேயிலைத் தோட்டத் துரை பங்களாவை வாங்கித் திருத்திக்கொண்டிருந்தார்கள். அவள் கர்ப்பமாக இருந்தபோது தொடங்கிய வேலை. மலைக்குளிர் பச்சைப் பிள்ளைக்கு ஆகாது என்று, அறை அறையாகச் சூட்டுக் காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய் போடச் சொன்னவன் சிந்துஜன்தான். 'டக்ட்' என்பார்கள் வேலைக்காரர்கள். குழாய் பாதி ஓடியிருந்தபோது பிள்ளை பிறந்தது. பெண். பிறந்த வாரமே போய்விட்டது. வேலை மட்டும் நிற்கவில்லை. உடைத்துப் போட்ட வீட்டை அப்படியே விட்டுவிட முடியாதல்லவா?

"இப்ப அந்தக் குழாய்க்குள்ள ஒரு பிள்ளை அழுகுது," என்றாள் சிவரூபி. "எல்லா நாளுமில்லை. மழை பெய்யிற பின்னேரங்களில மட்டும். அண்டைக்குப் பாத்து அறையில சூடும் குறைவா இருக்கும். சாம்பிராணி வாசமும் வரும்."

"உங்க வீட்டுக்காரருக்குக் கேக்குதா?"

"பக்கத்திலதான் இருப்பார். தனக்கு ஒண்டும் கேக்கேல்ல, அது காத்தப்பா எண்டுவார்." அவள் கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள். "ஒரு கிழமையா இன்னொண்டு. முதல் கிட்டக் கேட்டது. இப்ப தூரத்தில கேக்குது. என்னை விட்டிட்டுப் போறா போல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று தயாபரனுக்குத் தோன்றியது.

"இது ஜின்னு வேல சேர்," என்றான் நப்ரீஸ், அவள் படியிறங்கிய மறுகணமே.

"ஜின்னுன்னா மழைக்கு ஏண்டா காத்திருக்குது?" என்றார் தயாபரன்.

மறுநாள் மத்தியானம் அவர்கள் போனபோது பங்களாவைச் சுற்றிப் பனி இறங்கியிருந்தது. பாதி அறைகளுக்குக் கதவில்லை. கதவு இருந்த இடங்களில் தொங்கிய பொலித்தீன் திரைகள் காற்றில்லாமலேயே உப்பி உப்பி அடங்கின. சுரண்டிய சுவர்களில் பழைய துரைமார் மாட்டியிருந்த படங்களின் தடம் சதுரம் சதுரமாக வெளுத்திருந்தது. நடந்தால் சுண்ணாம்புத் தூள் காலில் ஒட்டியது. பேச்சுக்குப் பெயர்போன நப்ரீஸே அங்கே குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

குழாய் வேலை பார்த்த ரஜீவ் விறைப்பாக இருந்தான். தன் வேலையில் பிழை பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று எண்ணம்.

"வீடு உடைக்கிற நேரம் குழாய்க்குள்ள தூசி போனா எல்லாம் நாசமுங்க. அதனால அவங்க படுக்கிற அறையத் தவிர மத்த வாயெல்லாம் பொலித்தீன் போட்டு ஒட்டிட்டேன். பிள்ளைக்குனு வச்ச அறை, முன் அறை, கீழ சரிவுப் பக்கம் துணி காயவைக்கிற அறை, எல்லாந்தான். அழுகையாவது ஒண்ணாவது! சூட்டு மெசின் மழைக் குளிருக்குத்தான் ஓடுது. காத்து உள்ள விசிலடிக்கும். டீச்சரம்மாவுக்கு அது அப்படிக் கேக்குது."

"போன மழைக்குக் கரண்ட் போச்சு," என்றாள் சிவரூபி மெதுவாக. "மெசின் நிண்டிட்டுது. அழுகை நிக்கேல்ல."



தயாபரன் படுக்கையறைக்குப் போனார். காற்று வரும் கிரில், சுவரில் மிக உயரத்தில் இருந்தது. இயந்திரத்தை ஓட்டச் சொல்லி, ஒரு தடியின் நுனியில் பத்திரிகைத் துண்டைச் செருகி அதன்முன் பிடித்தார். காகிதம் சோம்பேறியாக அசைந்தது.

"நான் பூட்டினப்ப காகிதம் பறந்துச்சுங்களே!" என்றான் ரஜீவ்.

"அதுக்கப்புறம் இந்தக் கிரிலைக் கழட்டினீங்களா?"

"தொடவே இல்லைங்க."

தயாபரன் அண்ணாந்து பார்த்தார். கிரிலின் திருகாணித் தலைகள் நான்கிலும் புதுக் கீறல் பளபளத்தது. சிவரூபி குள்ளம், கதிரை போட்டு ஏறினாலும் அவளுக்கு எட்டாது. அந்த நேரம் கதவைத் தாண்டி உள்ளே வந்த சிந்துஜனோ நிலையில் தலை முட்டாமல் குனிந்துதான் வந்தான்.

"நீங்கள் வந்ததில எனக்கு ஒரு மறுப்பும் இல்லை," என்றான் அவன். முகம் சவரம் செய்து துடைத்து வைத்ததுபோல் இருந்தது. "அவவுக்கு நிம்மதி வந்தால் காணும்."

"உங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டதே இல்லீங்களா?"

"ஒருநாளும் இல்லை."

சமையலறையில் கருப்பம்மா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்து சமைத்துக் கூட்டிவிட்டுப் பின்னேரம் திரும்பிப் போகிறவள். அடுப்போரத்தில், கருகிய வேர்த்துண்டு ஒன்று கிடந்தது. தயாபரன் அதை எடுத்து முகர்ந்தார். வசம்பு.

"யாருக்கும்மா இது?"

"எனக்குத்தாங்க. பல்லு வலி."

"கீழ துணி காயவைக்கிற அறைச் சாவி உங்ககிட்டயா?"

"அது... தொலைஞ்சு போச்சுங்க." தேநீர் கோப்பையை விட்டுத் தட்டில் வழிந்தது.

நாலு மணிக்கு மழை பிடித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. தயாபரன் எல்லாரையும் படுக்கையறைக்கு வரச் சொன்னார். சிவரூபி கட்டிலின் ஓரத்தில் கிரிலையே பார்த்தபடி இருந்தாள். சிந்துஜன் ஜன்னலருகே. ரஜீவும் கருப்பம்மாவும் வாசற்படியில். நப்ரீஸ் சுவரோடு சுவராக.

மழை சற்றே தணிந்தது. அப்போது கேட்டது. மெலிந்து, எங்கோ தகரத்தின் ஆழத்திலிருந்து, ஒரு பச்சைப் பிள்ளையின் வீறிடல்.

"யா அல்லாஹ்!" என்றான் நப்ரீஸ்.

"எனக்கும் கேக்குதும்மா," என்றார் தயாபரன். "இவனுக்கும் கேக்குது. உங்க தலைக்குள்ள ஒண்ணும் இல்லை."

சிவரூபி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தயாபரன் வாசற்படிப் பக்கம் திரும்பினார்.

"மெசின் நின்ன பிறகும் கேட்டதால இது விசில் இல்லை. ஆவியும் இல்லை. ஆவிக்கு வசம்பு எதுக்கு? பல்லு வலிக்குக் கிராம்பு வைப்போம். வசம்பைச் சுட்டு உரசுறது பச்சப் புள்ளை வயித்துக்கு. சாம்பிராணி போடுறது புள்ளை தலை காய. அழுகை கேக்குற நாள்ல இங்க சூடு குறையுதுன்னா, அந்தச் சூடு வேற வாய் வழியாப் போகுது. ஒட்டின பொலித்தீனை யாரோ கிழிச்சிருக்காங்க. வெளியால தனி வழி இருக்கிறது சரிவுப் பக்கத்து அறைக்கு மட்டுந்தான். கருப்பம்மா, புள்ளை யாரோடது?"

கருப்பம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் மக ஜீவராணியோடதுங்க. லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சுக் கெடக்கு. மழை பெஞ்சா அங்க தங்கக்கூடாதுனு சொல்லிட்டாங்க. எல்லாரும் கோயில் மண்டபத்துல போய்ப் படுக்குறாங்க. பச்ச ஒடம்புக்காரி, அந்தக் குளிர்ல எப்படிங்க? மீரியபெத்தையில மலை சரிஞ்சப்ப எங்கக்கா மண்ணோட போனவ. அதான் இங்க கூட்டிட்டு வந்தேன். அந்தத் தகர வாயில கதகதப்பா வருதுனு எம்மகதான் கிழிச்சிட்டா."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே," என்றாள் சிவரூபி.

"புள்ளைய எழந்த வீட்டுக்குள்ள புள்ளையத் தூக்கிட்டு வந்து எப்படி டீச்சரம்மா காட்டுறது? சத்தம் மேல வரும்னு சத்தியமாத் தெரியாதுங்க."

நப்ரீஸ் பெருமூச்சு விட்டான். "அப்ப கேஸ் முடிஞ்சு சேர்."

தயாபரன் தலையாட்டினார். அதோடு முடித்துக்கொண்டு இறங்கிப் போகவே அவருக்கும் ஆசை. ஆனால் கணக்கு டீச்சர் சும்மா விடுகிறவள் இல்லை.

"ஒண்டு சரிவரேல்ல," என்றாள் அவள். "பிள்ளை கீழ அதே இடத்திலதானே இருக்குது? பிறகேன் அழுகை தூரப் போனது?"

 தயாபரன் ரஜீவையும் கருப்பம்மாவையும் வெளியே அனுப்பினார். நப்ரீஸ் போக மறந்து நின்றான். தயாபரன் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்துச் சிந்துஜனிடம் நீட்டினார்.

"இங்க குழாய் அடைபட்டிருக்குதுங்க. கிரில் கழட்டினது ரஜீவ் இல்லை. அவ்வளவு உயரம் எட்டுறது இந்த வீட்டில ஒருத்தருக்குத்தான். ஒண்ணுமே கேக்காதவர் எதுக்கு அதை அடைக்கணும்? உங்களுக்கும் கேட்டிருக்கு. சகிக்க முடியாம அடைச்சிட்டீங்க. நீங்களே கழட்டுங்க."

 சிந்துஜன் கதிரையில் ஏறி ஆணிகளைக் கழற்றினான். கையை முழங்கைவரை உள்ளே விட்டான். வெளியே வந்தது கந்தையோ சாக்கோ அல்ல. மஞ்சள் கம்பளியில் பின்னிய சின்னப் போர்வை. நாலாக மடித்து, ஓரம் மடித்துச் செருகி, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. சிவரூபி அதைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சேராத பிள்ளையின் போர்வை.

போர்வை விலகியதும் அழுகை அறைக்குள்ளேயே கேட்டது.

"நீங்கள் பிழையா விளங்கீட்டிங்கள்," என்றான் சிந்துஜன் தயாபரனிடம், கதிரைமேல் நின்றபடியே. "நான் அடைக்கேல்ல. போர்த்தினன். குளிரில அழுகிறா எண்டு நினைச்சன்."

 இத்தனை வருஷத்தில் எத்தனையோ பொய்யைக் கண்டுபிடித்த தயாபரன், இந்தப் பொய்யின் அடியில் இப்படி ஒன்று கிடக்கும் என்று நினைக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"முதல் நாளே எனக்குக் கேட்டது," என்றான் சிந்துஜன், மனைவியைப் பார்த்து. "சொன்னால் நீ இந்த வீட்டை விட்டு அசையமாட்டாய். ஒராளாவது தெளிவா இருக்க வேணுமெண்டு நினைச்சன். நீ பள்ளிக்கூடம் போன பிறகு வந்து, ஏறி நிண்டு, பிள்ளையோட கதைப்பன்." பிறகு தயாபரன் பக்கம் திரும்பினான். படித்தவன், பாலங்களுக்குக் கணக்குப் போடுகிறவன், சின்னப் பையனைப்போல் கேட்டான்: "அப்ப அது எங்கட பிள்ளை இல்லைத்தானே?"

"இல்லைங்க," என்றார் தயாபரன்.

சிந்துஜன் கதிரையிலிருந்து இறங்கத் தெரியாமல் நின்றான். சிவரூபிதான் எழுந்து போய் அவன் கையைப் பிடித்து இறக்கினாள். அவன் கட்டிலில் விழுந்து வாய்விட்டு அழுதான். ஆஸ்பத்திரியிலும் அழாதவன், சுடலையிலும் அழாதவன். அவன் முதுகைத் தடவிக்கொண்டே அவளும் அழுதாள்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமேயப்பா," என்றாள். "ரெண்டு பேருமாச் சேர்ந்து பைத்தியமா இருந்திருக்கலாமே."