அதிரசப் பானைக்கு எது வழி?

"எங்கிட்டுத்தான் வருதுகளோ, தெரியலையே."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டதும் அஜய்குமார் கையிலிருந்த பிஸ்கட்டை அப்படியே வாயில் திணித்துக்கொண்டான். நான்கு வயதுதான் என்றாலும் விவரமானவன். வீட்டில் எறும்பு வந்தால் முதல் திட்டு யாருக்கு என்று அவனுக்குத் தெரியும்.

அவனுடைய அக்கா பூமாரி ஐந்தாம் வகுப்புப் படிப்பவள். அவள் ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். அடுப்பு மேடையின் மூலையில் அதிரச மாவுப் பானை இருந்தது. பானையின் வாயைக் கட்டியிருந்த வெள்ளைத் துணி இப்போது வெள்ளையாக இல்லை. கறுப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. அம்மா துணியை அவிழ்த்தாள். உள்ளே மாவும் ஊர்ந்தது.

"போச்சு. அரிசி போச்சு, வெல்லம் போச்சு, போடியில வாங்கியாந்த ஏலக்காயும் போச்சு. அஜய், பிஸ்கட்ட இங்கன வச்சுத் தின்னியா?"

வாய் நிறைய பிஸ்கட் இருந்ததால் அஜய்குமாரால் பதில் சொல்ல முடியவில்லை.

"அப்ப நீதான் கரண்டியக் கழுவாமப் போட்டிருப்ப, பூமாரி."

"நான் அடுப்படிப் பக்கமே வரலைம்மா."

"எறும்பு மருந்து தூவிவிட்டாப் போகுது" என்றார் அப்பா, சட்டையை மாட்டிக்கொண்டே.

அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். "என்ன பேச்சுங்க இது? இது சாமி எறும்பு. ஒரு புள்ளையக் கடிச்சிருக்குமா? செவ்வெறும்பா இருந்தா நானே நசுக்கியிருப்பேன். சாமி எறும்பைக் கொன்னுட்டு வளைகாப்புக்குப் போகச் சொல்றீகளா?"

வளைகாப்பு தேனியில், ஞாயிற்றுக்கிழமை, சித்திக்கு. அதுதான் பூமாரிக்கும் கவலை. போன வாரம் சித்தி போனில் அவளைத்தான் கூப்பிட்டுப் பேசியிருந்தாள். "எது தின்னாலும் வாய்க்குப் பிடிக்கல பூமாரி. உங்கம்மா சுடுற அதிரசம்தான் நெனப்புலேயே நிக்குது. உங்கம்மா மறந்தாலும் நீ மறக்காம எடுத்துட்டு வரணும், என்ன?" பூமாரி பெரிய மனுஷி போல, "நான் பாத்துக்கிறேன் சித்தி" என்று சொல்லியிருந்தாள்.

பாகு ஊற்றிய மாவு ஓரிரு நாள் பானையில் இருந்தால்தான் அதிரசம் மெத்தென்று வரும். மூடி போட்டு அடைத்தால் வேர்த்துவிடும். துணிதான் கட்ட வேண்டும். வியாழக்கிழமையே அம்மா மறுபடி அரிசி ஊறப்போட்டாள், இடித்தாள், பாகு காய்ச்சினாள். இந்தத் தடவை துணியை இரண்டாக மடித்துக் கட்டினாள். அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் பானையை வைத்தாள்.

கடைசியாக, எப்போதும் போல, பானைமேல் ஒரு வேப்பங்கொத்தைச் செருகினாள். விசேஷத்துக்குச் செய்யும் பலகாரத்தில் யார் கண்ணும் படக் கூடாது. போன தடவை வைத்தது சின்னக் கொத்து. இப்போது கொஞ்சம் பெரிய கொத்து.

"இப்ப வரட்டும் பாப்போம்" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிட்டன.

"தண்ணியத் தாண்டி எப்படிங்க வரும்? பறந்தா வந்துச்சு?"

"நம்ம முல்லையாத்துல நீச்சல் பழகியிருக்கும்" என்றார் அப்பா. அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில், வாழைத்தோட்டத்தில் அவசர வேலை இருப்பது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

நல்லவேளை, எறும்புகள் துணியின் மேல்மடிப்போடு நின்றிருந்தன. அம்மா அவற்றை உதறிவிட்டுத் துணியை மறுபடி கட்டினாள். பக்கத்து வீட்டு இருளம்மாள் அத்தை வந்து தாம்பாளத்தைச் சுற்றி மஞ்சள்தூள் போட்டுப் பார்த்தாள். மேடை மஞ்சளானது. எறும்பு போகவில்லை.

"கண்ணுதான் முத்துலட்சுமி" என்றாள் அம்மாவிடம். "பெரிய கொத்தா வையி. வேம்புன்னா பூச்சிக்கும் ஆகாது. அரிசி மூட்டையில போடுறமே, வண்டு வருதா?"

அம்மாவுக்கு அது சரியாகப்பட்டது. இருளம்மாள் அத்தை வீட்டு மரத்திலிருந்து அம்மா ஒரு கிளையையே ஒடித்து வந்தாள். இப்போது பானையைப் பார்த்தால் அடுப்படியில் ஒரு மரம் முளைத்தது போல இருந்தது.

சனிக்கிழமை காலையில் எறும்புகள் முன்னைவிட இரண்டு மடங்கு இருந்தன.

அம்மா கத்தவில்லை. அதுதான் பூமாரிக்குப் பயமாக இருந்தது. அம்மா முந்தானையை உதறினாள், கூடையை எடுத்தாள், செருப்பைப் போட்டாள்.

"எங்கம்மா போற?"

"கடைக்கு. லட்டு வாங்கிட்டு வந்துருவோம். மதியத்துக்கு மேலதான் மாவு பக்குவப்படும். அதுக்குள்ள இதுக உள்ள இறங்கிரும். என்னால முடியல தாயீ."

"சித்தி அதிரசம்தான கேட்டாக?"

"உங்க சித்தி கேட்டா. எறும்பு கேட்க மாட்டேங்குதே."

அம்மா போய்விட்டாள். பூமாரி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் பானையையே முறைத்தாள். தாம்பாளத்துத் தண்ணீரில் ஓர் எறும்புகூட மிதக்கவில்லை. அப்படியானால் கீழேயிருந்து வரவில்லை. பிறகு எங்கிருந்து? துணிமேல் ஆயிரம் எறும்பு குறுக்கும் நெடுக்கும் ஓடும்போது எதைப் பார்த்து எதைக் கண்டுபிடிப்பது?

"போடா" என்று அலுத்துக்கொண்டாள்.

"நான் எங்கயும் போகல" என்றான் கீழே நின்ற அஜய்குமார்.

அதைக் கேட்டதும் பூமாரிக்கு ஒன்று தோன்றியது. வருகிற எறும்பைப் பார்த்தால்தானே குழப்பம்? போகிற எறும்பைப் பார்த்தால் என்ன? இரை கிடைத்த எறும்பு நேராக வீட்டுக்குத்தானே போகும்?

துணியில் ஒட்டியிருந்த வெல்லத் துணுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓர் எறும்பு புறப்பட்டது. பூமாரி அதை மட்டும் பார்த்தாள். அது துணியைக் கடந்தது. வேப்பங்காம்பில் ஏறியது. காம்பிலிருந்து கிளை, கிளையிலிருந்து இலை. கடைசி இலையின் நுனி சுவரில் சாய்ந்திருந்தது. எறும்பு சாவகாசமாகச் சுவருக்கு மாறி, ஜன்னல் ஓரத்து விரிசலுக்குள் போய்விட்டது.

அம்மாவே பாலம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். எறும்பு வர வர, பாலத்தையும் பெரிதாக்கியிருக்கிறாள்.

"அஜய், வெந்நீர் அடுப்புல கரித்துண்டு கெடக்கும். பெருசா ஒண்ணு எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"கொத்த எடுத்தா அம்மா விடமாட்டாக. கரி வச்சாலும் கண்ணு படாதுல்ல?"

அவள் கொத்தை மெதுவாகத் தூக்கிக் கொல்லைப்புற முருங்கை மரத்தடியில் வைத்தாள். அம்மா ஓரமாகக் கொட்டியிருந்த பழைய மாவில் ஒரு கவளம் எடுத்து, சிரட்டையில் போட்டு அதன் பக்கத்தில் வைத்தாள். பானைத் துணியையும் கழற்றி அங்கேயே உதறினாள். வேறு துணியைக் கட்டி, பானையைச் சுவரைவிட்டு நகர்த்தினாள். உச்சியில் கரித்துண்டை வைத்தாள். அஜய்குமாரின் மூக்கிலும் கன்னத்திலும் கரி இருந்தது. இனி அவன்மேலும் யார் கண்ணும் படாது.

அம்மா வெறுங்கூடையோடு திரும்பி வந்தாள். முன்னைவிடக் கோபமாக இருந்தாள்.

"அந்தக் கடை லட்டுலயும் எறும்பு மொய்க்குது. கேட்டா, 'சாமி எறும்புக்கா, ஒண்ணும் செய்யாது'ங்கிறான்." பேசிக்கொண்டே பானையைப் பார்த்தவள் நின்றாள். "கொத்து எங்கடி?"

பூமாரி அம்மாவின் கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். வேப்பங்கொத்து சிரட்டைமேல் சாய்ந்து கிடந்தது. இலை இலையாக ஏறி, வரிசை தப்பாமல் எறும்புகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"இப்படித்தாம்மா வந்துச்சு. இந்த இலை சுவத்துல சாஞ்சிருந்துச்சு."

அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதுகளுக்குக் கசக்கவே கசக்காதா?" என்றாள் கடைசியில்.

மதியம்வரை அம்மா பத்துத் தடவையாவது பானையைப் போய்ப் பார்த்திருப்பாள். ஓர் எறும்புகூட இல்லை. சாயங்காலம் எண்ணெய்ச் சட்டியில் அதிரசம் உப்பி மிதந்தபோது, முதல் அதிரசத்தைப் பிள்ளையாருக்கு எடுத்து வைத்தாள். இரண்டாவதைப் பூமாரியின் கையில் கொடுத்தாள். "ஊதித் தின்னு. சுடும்."

மறுநாள் தேனியில், கைநிறைய வளையலோடு உட்கார்ந்திருந்த சித்தி அதிரசத்தை ஒரு கடி கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மற்ற தட்டுகள் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டாள்.

"பூமாரி, சொன்ன சொல்லக் காப்பாத்திட்ட. மிச்சத்த அடுப்படியில வையி ஆத்தா. ஆனா பாத்து வையி. எங்க வீட்டுல எறும்பு தாங்கல. நானும் என்னென்னவோ செஞ்சு பாத்துட்டேன். எங்கிட்டுத்தான் வருதுகளோ."

பூமாரியும் அம்மாவும் அடுப்படிக்குப் போனார்கள். மூலையில் தண்ணீர்த் தட்டின் நடுவே ஒரு முறுக்கு டப்பா இருந்தது. டப்பாவின் மேல் பெரிய வேப்பங்கொத்து. கொத்தின் நுனி சுவரில்.

பூமாரி அம்மாவைப் பார்த்தாள். அம்மா விட்டத்தைப் பார்த்தாள். பிறகு தலையை மட்டும் கூடத்துப் பக்கம் நீட்டி, பிறந்ததிலிருந்தே தெரிந்தவள் போலக் குரல் கொடுத்தாள்:

"ஏண்டி, இதுகூடவா ஒனக்குத் தெரியாது? கொத்த எடுத்துட்டுக் கரித்துண்டு வையி."