அப்பாவாம்

படியேறும்போதே குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். வந்துவிட்டாரா? மூன்று மாதத்துக்குப் பிறகு நெஞ்சு ஒரு கணம் துள்ளியது. அடுத்த கணமே அந்தச் சத்தத்தில் ஏதோ உறுத்தியது. அவள் கணவன் குளித்தால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். கப்பு வாளியில் மோதும், தண்ணீர் தரையில் அறையும், நடுநடுவே மூக்கைச் சிந்தி ஒரே அமர்க்களமாக இருக்கும். இது அப்படியில்லை. ஒரு கப்பு. நீண்ட இடைவெளி. மறுபடி ஒரு கப்பு. அடுத்தவர் வீட்டுத் தண்ணீரைச் செலவழிக்கக் கூசுகிறவர் குளிப்பதுபோல.

சமையலறை மேசையில் எட்டு வயது மகள் வீட்டுப்பாட நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தாள்.

"யாரும்மா உள்ள?"

"அப்பாவாம்."

"அப்பாவாம்னா?"

"ஜீப்ல ரெண்டு பேரு கொண்டாந்து விட்டாங்க. இதான் உங்கப்பான்னாங்க. நான் இல்லைன்னேன். சிரிச்சாங்க."

குளியலறைக் கதவு திறந்தது. சோப்பு வாசனையோடு ஒருவன் வெளியே வந்தான். அவள் கணவனின் நீலச் சட்டையைப் போட்டிருந்தான். ராணுவச் சீருடை தைக்கும் கூடத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்த அவள் கண்ணுக்கு அளவு நாடா தேவையில்லை. தோள் இரண்டு அங்குலம் குறைவு. கை மூன்று அங்குலம் குறைவு. சட்டையின் கை விரல் நுனிவரை இறங்கியிருந்தது. முகம், அவள் வாழ்நாளில் பார்த்திராத முகம்.

"வந்துட்டேன்" என்றான், ஒப்பிப்பதுபோல.

மேசைமேல் ஒரு தாள் இருந்தது. புகார் எண் போட்டு, காணாமற்போன நபர் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டார், புகார் தீர்க்கப்பட்டது என்று எழுதி முத்திரை குத்தியிருந்தார்கள். பெயர் அவள் கணவனுடையது. பிறந்த தேதி அவருடையது. படம் மட்டும் இந்த ஆளுடையது.

அவள் கணவன் குடிநீர் நிலையத்தில் பம்பு ஓட்டுகிறவர். போர் தொடங்கி ஆறு வருடமாகியிருந்தது. வட்டாரக் கூட்டத்தில், எதிரியின் கைக்கூலிகள் நம் தெருவிலேயே இருக்கலாம் என்று அதிகாரி பேசி முடித்ததும் இவர் எழுந்தார். "தினமும் சங்கு ஊதுது, விளக்கை அணைக்கறோம். நாலு வருஷமா ஒரு விமானம்கூட வரலையே சார். எதிரி வந்தா எதையெல்லாம் பறிப்பான்னு சொல்றீங்களோ, அதையெல்லாம் நீங்களே பறிச்சு வச்சுட்டீங்களே" என்றார். யாரோ ஒருவர் சிரித்தார், உடனே நிறுத்திக்கொண்டார். இரண்டாம் நாள் விசாரணைக்கென்று அழைத்துப் போனார்கள். அதன்பிறகு எங்களிடம் இல்லை என்றார்கள். அவள் பதினொரு புகார் எழுதினாள். பதினொன்றுக்கும் சேர்த்து இந்தத் தாள்தான் பதில்.

எதிர்வீட்டு அக்காவின் கதவைத் தட்டினாள். பன்னிரண்டு வருடம் அவரைத் தம்பி தம்பி என்று வாய்நிறையக் கூப்பிட்டவள் அந்த அக்கா.

"அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க. வந்திருக்கறது அவர் இல்ல."

அக்கா கதவை ஒரு சாண் அளவுக்கே திறந்தாள். "வந்துட்டாருல்ல, அதுவே பெருசு. மூணு மாசத்துல ஆளு மெலிஞ்சிருப்பாரு."

"மெலியலாம்க்கா. குட்டையாவா ஆவாங்க?"

அக்காவின் வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் இருமினான். மெல்லிய, பழக்கமில்லாத இருமல். அக்காவின் கழுத்து நரம்பு துடித்தது.

"முதல்ல கஷ்டமா இருக்கும்" என்றாள் மிகத் தணிந்த குரலில். "அப்புறம் பழகிடும்மா. வாயை மூடிக்கிட்டு இரு. போர்க்காலம்."

கதவு சாத்திக்கொண்டது.

அன்று ஏழு மணிக்கே சங்கு ஊதியது. தெரு முழுக்க விளக்கணைந்தது. மகளை மடியில் போட்டுக்கொண்டு படுக்கையறைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கூடத்தில் அவன் இருந்தான். நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு ஒரு முணுமுணுப்பு கேட்கத் தொடங்கியது. காதைக் கதவில் வைத்தாள். அவள் கணவனின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர், வேலையில் சேர்ந்த தேதி, கல்யாணத் தேதி, மகள் பிறந்த ஆஸ்பத்திரி. பரீட்சைக்கு முன்னால் மனப்பாடம் செய்யும் பையனைப்போல ஒன்றன்பின் ஒன்றாக. ஓரிடத்தில் தடுக்கியது. மறுபடி முதலிலிருந்து.

"நீங்க யாருங்க?" என்றாள் கதவு வழியாக.

முணுமுணுப்பு நின்றது.

"தப்பாச் சொன்னா திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றது அந்தக் குரல். அழுகையை அடக்கிய குரல். "கேக்காதீங்கம்மா."

காலையில் மகளுக்குச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நேராகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனாள். வரிசையில் நாலு மணி நேரம் நின்றாள். ஃபினாயிலும் பழைய காகிதமும் கலந்த நெடி. சுவரெங்கும் எதிரியின் நிழல் வரைந்த சுவரொட்டிகள். கவுண்டர்காரர் அவள் தாளைப் பார்த்துவிட்டு இனிமையாகப் புன்னகைத்தார்.

"முடிஞ்சுபோச்சேம்மா. ஆளு வந்துட்டாரே."

"வந்தது என் வீட்டுக்காரர் இல்ல சார்."

"காணாமப் போனவங்க திரும்பறதில்லைன்னு எதிரி நாட்டு ரேடியோதான் சொல்லுது. நீங்களும் அதையே சொல்றீங்க."

"ரேடியோவா? எங்க வீட்ல ரேடியோவே இல்ல சார்! பதினெட்டு அங்குலத் தோளு பதினாறாச்சுன்னு சொல்றேன். அளந்து பாருங்க!"

"சரி, அவரு வேத்தாளுன்னே வச்சுக்குவோம். அப்ப ஊடுருவி வந்தவரு. நேத்து உங்க வீட்லதான் தங்கினாரு, இல்லையா? இடம் குடுத்தவங்களுக்கு என்ன தண்டனைன்னு தெரியும்ல?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பன்னிரண்டாவது முறை. கல்லில் நார் உரிப்பதுபோல எத்தனை நாள்! எதைச் சொன்னாலும் அந்தப் புன்னகை.

"பொய் சொல்ல எனக்கென்ன சார் வேண்டுதலா? என் பொண்ணையே கேளுங்க. அவளும் இல்லைன்னுதான் சொல்லுவா!"

கவுண்டர்காரர் பேனாவை எடுத்தார். மூன்று மாதத்தில் முதல்முறையாக அவள் சொன்னது எழுதப்பட்டது. "எந்தப் பள்ளிக்கூடம்? எத்தனாவது?" சொன்னாள். "நல்லது. நாங்களே கேட்டுக்கறோம்."

வாசற்படியில் இறங்கி, பத்தடி நடந்த பிறகுதான் உறைத்தது.

ஓடினாள்.

பாலத்தருகே சங்கு ஊதியது. பகல் சங்கு. தெருவிலிருந்த எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடினார்கள். அதுதான் சட்டம். அவள் ஓட, காவலர் தோளைப் பிடித்துச் சுவரோடு சேர்த்துத் திருப்பினார். சுண்ணாம்பு மூக்கில் அப்பியது. வானத்தில் எந்தச் சத்தமும் இல்லை. ஒரு காக்கை. யாருடைய குழந்தையோ சிணுங்கியது. பின்னால் ஒரு வண்டி மெதுவாகப் போயிற்று. திரும்பக்கூடாது. டயருக்கடியில் சரளைக்கல் நெரிந்தது. போயிற்று. சங்கு நிற்க எவ்வளவு நேரம்! பல்லைக் கடித்தாள். நிறுத்துங்கடா. நிறுத்துங்கடா.

பள்ளி வாசலில் காவலாளி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஆபீஸ் வண்டி வந்து கூட்டிட்டுப் போச்சும்மா. ரெண்டு கேள்விதானாம். வீட்லயே கொண்டுவிட்டுடறோம்னாங்க."

வீட்டு வாசலில் வண்டி நின்றிருந்தது. பின்பக்கம் கம்பிவலை அடித்த வண்டி. ஒரு பெண் அதிகாரி அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு காத்திருந்தாள்.

"வாங்கம்மா. குழந்தை உள்ள பத்திரமா இருக்கா. சாட்சி சொல்லிட்டா. அப்பா அப்பாதானாம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது."

கூடத்தில் அவன் சுவரோரமாக நின்றான். தரையைப் பார்த்தபடி. நாற்காலியில் ஒரு சிறுமி இருந்தாள்.

பத்து வயது இருக்கும். அல்லது பதினொன்று. மகளின் பள்ளிச் சீருடை அவளுக்கு மார்பில் பொத்தான் கூடவில்லை. ஊக்குக் குத்தியிருந்தார்கள். கன்னத்தில் காய்ந்த கண்ணீர்க்கோடு.

"அம்மா" என்றாள்.

அதிகாரி பேனாவை நீட்டினாள். "உங்க பொண்ணுதானே?"

இல்லை. நாக்கு நுனியில் இருந்தது. இவ்வளவு நாளும் சொன்ன சொல். சொன்னதற்குப் பதிலாக ஒருத்தி போனாள், ஒருத்தி வந்தாள். சிறுமி அவளைப் பார்த்தாள். இமைக்காமல். நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. இல்லை என்று சொன்னால் இவளை எங்கே கொண்டுபோவார்கள்? சொல்லாவிட்டால் மகள் எங்கே?

"எம் பொண்ணு எங்க?" என்றாள்.

"இதோ இருக்காளே" என்றாள் அதிகாரி, பொறுமையாக. "இல்லைன்னா சொல்லுங்க. இவளைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடறேன்."

சிறுமியின் உதடு நடுங்கியது.

அவள் கையெழுத்துப் போட்டாள்.

"நல்லது. வேற புகார் ஏதாவது?"

தலையாட்டினாள். இல்லை.

அதிகாரி இறங்கிப் போய் வண்டியின் முன்னால் ஏறினாள். எஞ்சின் உறுமியது. அவள் வாசல்வரை போய்ப் பார்த்தாள். கம்பிவலைக்குப் பின்னால், பிற்பகல் வெளிச்சத்தில், ஏழெட்டுக் குழந்தைகள். வெவ்வேறு பள்ளிச் சீருடைகள். எதுவும் எவருக்கும் பொருந்தவில்லை. கடைசியில், முதுகு காட்டி, வேறேதோ பள்ளியின் பச்சை உடுப்பில் ஒரு சின்ன உருவம். தோளிலிருந்து வழிகிற உடுப்பு. இரட்டைச் சடை. இடது சடை வலதைவிடச் சற்றே மேலே. காலையில் அவசரத்தில் அவளே பின்னியது.

வாயைத் திறந்தாள்.

வண்டி நகர்ந்தது. ஓட எத்தனித்தாள். சில்லிட்ட சிறு கை ஒன்று அவள் கையை இறுகப் பற்றியிருந்தது. உதறினாள். விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்தது.

"அம்மா. போகாதீங்கம்மா. அம்மா."

வண்டி அடுத்த தெருவில் திரும்பி நின்றது. எஞ்சின் ஓய்ந்தது. யாருடைய வீட்டுக் கதவோ தட்டப்படும் சத்தம் கேட்டது.

எதிர்வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டு ஜன்னல். அதற்கடுத்தது.

அவளுக்குப் பின்னாலிருந்து அவன் கை நீண்டது. நீலச் சட்டையின் கை விரல்களை மூடியிருந்தது. ஓசைப்படாமல், மரியாதையாக, கதவைச் சாத்தினான்.